அரைப் பேர்

நாகலூர்
9-6-2024

அன்புள்ள மேகலா கண்ணுக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

போனை எடுக்காமல் கடிதம் போடுகிறேனே என்று கோபப்படாதே. போனில் நீ என் பேச்சைக் கேட்பதில்லை, மூச்சைத்தான் கேட்கிறாய். "அப்பா, ஒரு வரி சொல்றதுக்குள்ள மூணு தடவை நின்னுட்டீங்க" என்கிறாய். அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வருவதில்லை. எழுதும்போது எத்தனை தடவை நின்றேன் என்று உனக்குத் தெரியப்போவதில்லை. முப்பத்தொன்பது வருஷம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவனுக்கு எழுதுவது சிரமமுமில்லை.

மார்ச்சில் சேலத்து டாக்டர் ஆஸ்துமா என்று சொன்ன நாளிலிருந்து அவர் சொன்னபடியே நடக்கிறேன். பழுப்பு இன்ஹேலர் காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, அந்தப் பிளாஸ்டிக் குடுவையில் மாட்டி. பிறகு வாய் கொப்பளிப்பு. நீல இன்ஹேலர் அவசரத்துக்குச் சட்டைப் பையில். எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டிருக்கிறேன். எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதுகிற நீள நோட்டு ஒன்று வீட்டில் மிச்சம் கிடந்தது.

முழுநாள் வேலை செய்தவருக்கு முழுப் பேர், மத்தியானத்தோடு போனவருக்கு அரைப் பேர் போடுவோம் அல்லவா? அதேபோல என் மூச்சுக்குத் தினமும் பேர் போடுகிறேன். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள ஏற்றத்தை நிற்காமல் ஏறினால் முழுப் பேர். நடுவில் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தால் அரைப் பேர். ஏறவே முடியாவிட்டால் பேர் இல்லை. பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம். மழை, அடுப்புப் புகை, சுவரில் பூஞ்சை, இப்படி ஏதாவது.

இந்த வாரம் ஐந்து முழுப் பேர் விழுந்திருக்கிறது. நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஐயாக்கண்ணுவை உனக்குத் தெரியும், என்னிடம் பழம் பறித்த ஆள்தான். நான் பேர் போடும் சங்கதியைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க ரைட்டரே, மழையில நனைஞ்சுட்டு நின்ன எங்களுக்கு அரைப் பேர் போட்ட கையி, இப்ப உங்களுக்கே போடுதாக்கும்? சாமி இருக்குதுங்க" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருமல் வரவில்லை.

நீ அனுப்பிய கண் சொட்டு மருந்துப் பார்சல் எட்டு நாள் தாமதம். ஏற்காட்டிலேயே கிடந்திருக்கிறது. நேற்றுத்தான் கைக்கு வந்தது. ராத்திரியே ஊற்றிக்கொண்டேன். திட்டாதே.

காலேஜ் திறந்துவிட்டதா? மழைக்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
அப்பா
பொன்னுவேல்


கோயம்புத்தூர்
15-6-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டு நாள் கண்ணுக்கு மருந்து இல்லாமல் இருந்ததை இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள். கண் பிரஷர் வலிக்காது, சொல்லாது. போன பார்வை திரும்பவும் வராது. ஜனவரியில் கண் டாக்டர் இதை உங்கள் எதிரில்தான் சொன்னார். இனி பழைய புட்டி தீர ஒரு வாரம் இருக்கும்போதே புதியது உங்கள் கையில் இருக்கும்படி அனுப்புகிறேன். காலை ஏழு, இரவு ஏழு, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

நீங்கள் பேர் போடுவது எனக்குச் சிரிப்பாக இருந்தது என்று எழுதினால் வருத்தப்படுவீர்கள். ஆனால் அது அளவு இல்லை, அப்பா. ஒரு நாள் வெயில், ஒரு நாள் பேச்சுத்துணை, ஒரு நாள் கௌரவம். ஐயாக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் நிற்காமல் ஏறுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இத்துடன் ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்று அனுப்பியிருக்கிறேன். காலையில் நின்றுகொண்டு மூன்று முறை பலமாக ஊதுங்கள். மூன்றில் எது அதிகமோ அதை எழுதுங்கள். நம்பர் பொய் சொல்லாது.

உங்களை நம்பவில்லை என்று நினைக்க வேண்டாம். பதினைந்து வருடமாகக் காப்பிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் வேலை நடக்கும்போதெல்லாம் உங்களுக்கு இளைப்பு இருந்திருக்கிறது என்பதே மார்ச்சில் டாக்டர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீங்களாகச் சொல்லவில்லை.

30ஆம் தேதி ஞாயிறு வருகிறேன்.

அன்புடன்,
மேகலா


நாகலூர்
7-7-2024

அன்புள்ள மேகலாவுக்கு,

நீ வந்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. காலையில் பதினொரு மணிக்கு வந்தாய், இரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். நோட்டில் உனக்கும் ஒரு வரி எழுதி அரைப் பேர் போட்டேன். விளையாட்டுக்குத்தான்.

நீ வந்த அன்று நடந்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றினாய், தண்ணீர் குடித்தாய், என் பழுப்பு இன்ஹேலரை எடுத்து அதன் முதுகிலிருந்த நம்பரைப் பார்த்தாய். இரண்டு என்று இருந்தது. விரல் விட்டு எண்ணினாய். ஒன்றாம் தேதி புதிது திறந்தேன், நூற்றிருபது, தினம் நான்கு. முப்பதாம் தேதி காலையில் போட்டதும் சேர்த்தால் இரண்டுதான் மிச்சமிருக்க வேண்டும். இருந்தது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். உன் முகம் ஏன் அப்படிப் போனது?

குழாயில் தினமும் ஊதுகிறேன். 190, 180, 200, 170. நன்றாக இல்லை என்று எனக்கே தெரிகிறது. இந்த மாதம் அரைப் பேர்தான், இரண்டு நாள் அதுவும் இல்லை. ராத்திரியில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. நீல இன்ஹேலர் அடித்தாலும் முன்போலக் கேட்கவில்லை. மழைதான் காரணம் என்கிறான் ஐயாக்கண்ணு. விறகு அடுப்பை விட்டுவிட்டேன். கம்பளியை வெந்நீரில் அலசினேன். கொப்பளிப்பதைக்கூட விடவில்லை.

எனக்கே பிடிபடவில்லை, கண்ணு. செய்ய வேண்டியதை எல்லாம் செய்கிறேன்.

அப்பா


கோயம்புத்தூர்
14-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

என் முகம் ஏன் அப்படிப் போனது என்று கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் கள ஆய்வுக்குப் போகாமல் விடுதியில் உட்கார்ந்தே அட்டவணையை நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? தவறே இருக்காது. மனிதர்கள் மறப்பார்கள், தூங்கிவிடுவார்கள், வெளியூர் போவார்கள். நூற்றிருபதில் ஒன்றுகூடத் தவறாத மனிதரை நான் பார்த்ததில்லை. எழுபத்துநான்கு வயதில் நிச்சயமாக இல்லை.

மருந்து உள்ளே போயிருந்தால் ஊதும் நம்பர் ஏறியிருக்க வேண்டும், இறங்குகிறது. அப்படியானால் மருந்து எங்கே போகிறது? இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்று மார்ச்சில் நீங்களே சொன்னீர்கள். நான் பார்ப்பேன் என்று தெரிந்து தினமும் நான்கு முறை காற்றில் அமுக்கிவிடுகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றியதை எழுதிவிட்டேன். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

விடைத்தாள் திருத்த வெளியூர் போகிறேன், இருபது நாள். கண் மருந்து அனுப்பக் கொஞ்சம் தாமதமாகலாம். இந்த ஒரு தடவை மட்டும்.

மேகலா


நாகலூர்
22-8-2024

அன்புள்ள மேகலாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

போன கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. "இல்லை" என்று ஒரு சொல் எழுதி, கவரில் போட்டு, ஒட்டியும் வைத்திருந்தேன். ஒரு சொல்லுக்கு ஐந்து ரூபாய்த் தபால்தலையா என்று அப்படியே வைத்துவிட்டேன். அதற்குள் ஒன்பதாம் தேதி வந்துவிட்டது.

அன்று விடியற்காலையில் மூச்சை இழுத்தால் வருகிறது, விட்டால் போகவில்லை. ஐயாக்கண்ணுதான் 108க்குச் சொன்னான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும், "இன்னும் பத்துதானுங்க ரைட்டரே, இன்னும் ஒம்பதுதானுங்க" என்று எண்ணிக்கொண்டே வந்தான். வேலைக்காலத்தில் ஒழுங்காக எண்ணத் தெரியாத ஆள்.

நீ வந்ததும் டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்கப்பா இன்ஹேலர் எடுக்கறதில்லை டாக்டர். எடுக்கற மாதிரிக் கணக்குக் காட்டறார்." மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தார்கள். கையை ஆட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

அதை விட்டுவிடலாம். நீ லீவு போட்டுக்கொண்டு நான்கு நாளும் நாற்காலியிலேயே இருந்தாய். காலை ஏழு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் கண்ணில் சொட்டு ஊற்றினாய். உன் விரல் குளிர்ந்திருந்தது. ஒன்றாம் வகுப்பில் உனக்குக் கண்வலி வந்து நான் மருந்து ஊற்றும்போது என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருப்பாய். அது ஞாபகம் வந்தது. இத்தனை மருந்து ஏற்றியும் ஏன் இவ்வளவு மெதுவாகக் கேட்கிறது என்று அந்தச் சின்ன டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார், பாவம்.

இப்போது வீட்டுக்குள் நடக்கிறேன். ஏற்றம் பக்கம் போகவில்லை. பேர் இல்லை.

அப்பா


கோயம்புத்தூர்
28-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை விடுமுறையில் வருகிறேன். நீங்கள் என்னுடன் கோவைக்கு வந்துவிடுகிறீர்கள். நான் ஒருத்தி இருக்கும் வீட்டில் இன்னொரு அறை சும்மா இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பத்து நிமிடம். காலையும் இரவும் என் கண்முன்னால் இன்ஹேலர் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுச் சாவியை ஐயாக்கண்ணுவிடம் கொடுத்துவிடலாம். தனியாக இருக்கும் தகுதியை நீங்கள் இழந்துவிட்டீர்கள் என்று எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

நான் ஏன் நம்புவதில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. 1998 ஜனவரியில் நீங்கள் விடுதிக்கு எழுதிய மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். "அம்மா நலம்." "அம்மா நலமாக இருக்கிறாள்." "இங்கு யாவரும் நலம், பரீட்சையைக் கவனி." மூன்றாவது கடிதம் என் கைக்கு வந்தது திங்கட்கிழமை. அன்று மாலை வார்டன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குக் கோடித்துணி போர்த்தியிருந்தது.

பரீட்சைக்காக மறைத்தார் என்று எல்லாரும் உங்களுக்காகப் பேசினார்கள். இருக்கலாம். அன்றிலிருந்து உங்கள் கடிதத்தில் எது எழுதியிருந்தாலும் எது எழுதப்படவில்லை என்று தேடுகிறேன். அது என் தப்பு இல்லை.

துணிகளை எடுத்து வையுங்கள்.

மேகலா


நாகலூர்
12-9-2024

அன்புள்ள மேகலாவுக்கு,

துணி எடுத்து வைத்துவிட்டேன். ஒரு பெட்டி போதும்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வயதானவன் மகள் வீட்டுக்கு வருவதில் குறை ஒன்றும் இல்லை. பொய்யன் என்று பேர் வாங்கிக்கொண்டு வருவதற்குத்தான் கால் எழவில்லை. ஆகவே நோட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மார்ச் 20 முதல் போன வாரம் வரை இருக்கிறது. முதல் இரண்டு கட்டம் பழுப்பு இன்ஹேலர், காலை, ராத்திரி. நீ குழாய் அனுப்பியதிலிருந்து மூன்றாவது கட்டம் ஊதிய நம்பர். அப்புறம் பேர், அப்புறம் குறிப்பு. பார்த்துவிட்டு என்ன சொல்கிறாயோ அதற்குக் கட்டுப்படுகிறேன்.

வேறு விசேஷமில்லை. சுகாதார நர்ஸ் சிவசக்தி இரண்டாம் தேதி வீட்டுக்கு வந்து எல்லா மருந்தையும் பார்த்தது. கண் டாக்டர் வேறு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார். அது ஏற்காட்டிலேயே கிடைக்கிறது. நீ இனிமேல் அனுப்ப வேண்டியதில்லை. பழைய புட்டி ஏதாவது வாங்கி வைத்திருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

வெயில் வந்திருக்கிறது.

அப்பா


கோயம்புத்தூர்
22-9-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நோட்டு செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாள் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, ஒரு தவறாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்துடன்தான் உட்கார்ந்தேன்.

தவறு இருந்தது. ஏப்ரல் 14 இரவு: "மறந்துவிட்டேன்." மே 3 காலை: "தூங்கிவிட்டேன்." ஜூனில் மட்டும் ஒன்றும் இல்லை. அந்த ஒரு மாதத்தைத்தான் நான் பார்த்தேன்.

பிறகு முழுப் பேர் விழுந்த நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். மே 31 முதல் ஜூன் 7 வரை உள்ள எட்டு நாளில், முதல் இரண்டு நாளும் அரைப் பேர். அப்புறம் ஐந்து நாள் முழுப் பேர். எட்டாம் நாள் ஏறவில்லை, மழை. ஜூலை 24 முதல் 31 வரையும் எட்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து முழுப் பேர் ஆறு. ஊதிய நம்பர் 290 வரை ஏறியிருக்கிறது. மற்ற நாட்களில் எங்கும் ஒரு முழுப் பேர்கூட இல்லை. குறிப்புக் கட்டத்தில் அந்தப் பதினாறு நாளிலும் உங்கள் கையெழுத்தில் ஒரே வாசகம்: "கண் மருந்து வரவில்லை."

அது வந்தது ஆகஸ்ட் முதல் தேதி. ஒன்பதாம் தேதி 108.

சேலத்து நெஞ்சு டாக்டருக்குப் போன் செய்து மருந்தின் பெயரைச் சொன்னேன். அந்த வகைச் சொட்டு மருந்து கண்ணோடு நிற்காதாம். மூக்கு வழியாக இறங்கி உடம்பில் கலக்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், இன்ஹேலரையும் சரியாக வேலை செய்யவிடாது என்றார். "மார்ச்சில் உங்களிடம் கேட்டேனே மேடம், வேறு மருந்து எடுக்கிறாரா என்று" என்றார். கேட்டார். நான்தான் "இல்லை" என்றேன். கண்ணில் ஊற்றுவது மருந்து என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரியில் கண் ஆஸ்பத்திரிப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். வேறு நோய் உண்டா என்று இருந்தது. "ஒண்ணுமில்லைன்னு எழுது கண்ணு" என்றீர்கள். எழுதினேன். அந்த ஒருமுறை உங்களை நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள், நாளுக்கு இருமுறை, எட்டு முறை நானே ஊற்றினேன். நேரம் தவறவில்லை. இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன்.

இன்ஹேலரைப் பற்றி நான் எழுதியது, டாக்டரிடம் சொன்னது எல்லாம் பொய். நீங்கள் எடுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். கோவைக்கு வரச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பெட்டியைப் பிரித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சிவசக்தி இரண்டாம் தேதி வந்தார். பன்னிரண்டாம் தேதி நீங்கள் எனக்கு எழுதும்போது எல்லாம் உங்களுக்குத் தெரியும். "வேறு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருக்கிறார்", அவ்வளவுதான். மறுபடியும் "அம்மா நலம்" போல ஒரு வரி. ஏன் அப்பா?

மேகலா


நாகலூர்
29-9-2024

அன்புள்ள மேகலா கண்ணுக்கு,

கேட்டதற்குச் சொல்கிறேன்.

சிவசக்தி வந்ததும், "ஐயா, ஊட்டுல இருக்கற மருந்தெல்லாம் எடுத்துட்டு வாங்க. தைலம், லேகியம், கண்ணு காதுக்கு ஊத்தறது, ஒண்ணு உடாம" என்றது. மேஜை மேல் பரப்பினேன். அந்தப் பொண்ணு கண் மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தது. "இது எத்தனை நாளாங்கய்யா? யாரு குடுத்தாங்க?" என்றது. "எம் பொண்ணு அனுப்புது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "உங்களுக்கு இளைப்பு இருக்குதுன்னு கண்ணு டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டது. அப்போதுதான் எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. எழுதினவன் நான். இத்தனை மாதம் பக்கத்தைப் புரட்டியும் எனக்குத் தெரியவில்லையே என்று உட்கார்ந்துவிட்டேன். நானாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி, அந்தப் பொண்ணே கண் டாக்டருக்குப் போன் போட்டு, மறுநாள் என்னைச் சேலத்துக்கு அனுப்பி வைத்தது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? எட்டு முறை ஊற்றியதை நீ எண்ணுவாய் என்று எனக்குத் தெரியும். எண்ணிவிட்டாய். நோட்டை அனுப்பும் முன் குறிப்புக் கட்டத்தை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். முப்பத்தொன்பது வருஷத்தில் எழுதின வரியை அடித்ததில்லை, இப்போதும் கை வரவில்லை. நீ இன்ஹேலர் கட்டத்தை மட்டும் பார்ப்பாய் என்று ஒரு நப்பாசை. எல்லாவற்றையும் பார்த்துவிடுவாய் என்றும் ஒரு நப்பாசை. ஜனவரியில் "ஒண்ணுமில்லைன்னு எழுது" என்று சொன்ன பாவமும் என்னுடையதுதான். வரிசையில் எனக்குப் பின்னால் எஸ்டேட் ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ரைட்டருக்கு இளைப்பு என்று அவர்கள் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். இந்த அற்பத்துக்குத்தான் இத்தனையும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அதையும் எழுதிவிடுகிறேன், இனி ஒளிக்க ஒன்றும் வேண்டாம்.

உன் பரீட்சைக்காக மறைத்தேன் என்று ஊருக்குச் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. டிசம்பர் மாதமே உன் அம்மா, "ஏனுங்க, ஒருக்கா சேலம் போய்ப் பார்த்துட்டு வந்தரலாமா? நொம்ப முடியலீங்க" என்று கேட்டாள். பழம் பறி உச்சத்தில் இருந்தது. இருநூறு ஆள். ரைட்டர் லீவு போட்டால் துரை என்ன சொல்வாரோ என்று, "பறி முடியட்டும்" என்றேன். பொங்கலுக்கு ஒருமுறை கேட்டாள். அப்போதும் பறி முடியவில்லை. மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

அம்மாவுக்கு முடியவில்லை என்று உனக்கு எழுதினால் நீ உடனே வருவாய், வந்து முதல் கேள்வியாக, "ஏன் இன்னும் கூட்டிட்டுப் போகலை?" என்று கேட்பாய். அதற்குப் பயந்துதான் "நலம்" என்று எழுதினேன். இருபத்தாறு வருஷமாக நீ அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதை நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதவே கூசுகிறது.

நோட்டு உன்னிடம் இருப்பதால் தனித்தாளில் பேர் போடுகிறேன். இந்த வாரம் ஏழு நாளில் ஆறு முழுப் பேர். ஒரு நாள் அரை. ஊதினால் 310. கண் பிரஷரும் புது மருந்துக்கு அடங்கி இருக்கிறது என்றார் டாக்டர். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. நீ வந்து சொல்லும்வரை இருக்கட்டும்.

அப்பா


கோயம்புத்தூர்
5-10-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவைப் பற்றிய பகுதியை நிறைய முறை படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது உண்மையில்லை. மன்னிக்க முடியாது என்று எழுதினாலும் முழு உண்மையில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன், போதுமான அளவு பார்க்காமல் முடிவு எழுதாதே என்று. உங்கள் விஷயத்தில் அதை நான் ஒருமுறையும் செய்யவில்லை. அம்மா இரண்டு முறை கேட்டது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அந்தக் குரலை நினைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் வேண்டும்.

வாங்கி வைத்திருந்த பழைய சொட்டு மருந்துப் புட்டி ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. கடையில் திருப்பித் தரவில்லை. சாக்கடையில் கொட்டவும் மனம் வரவில்லை. வேண்டாத மருந்துகளை வாங்கிக்கொள்ளும் இடம் எதுவென்று சிவசக்தியிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவருடைய போன் நம்பரும் வேண்டும். நன்றி சொல்ல வேண்டும்.

உங்கள் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி நான்கு பிரதி எடுத்திருக்கிறேன். கண்ணுக்கு, நெஞ்சுக்கு, தைலம், எல்லாம். தலைப்பில் முதல் வரியாக "ஆஸ்துமா உண்டு" என்று போட்டிருக்கிறேன். ஒன்று உங்கள் சட்டைப் பையில், ஒன்று ஐயாக்கண்ணு கடையில், ஒன்று சிவசக்தியிடம், ஒன்று என்னிடம். வரிசையில் யார் நின்றாலும் அதை நீட்டுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் இளைப்பு இருக்கும்.

வியாழன் மாலை ஆறரை பஸ்ஸில் வருகிறேன். ஞாயிறு மாலை திரும்புவேன். பெட்டியை நான் வந்து பிரிக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்கு அந்த நோட்டையும் பேனாவையும் இன்ஹேலரையும் சேர்த்து வைத்துவிடலாம். காலையில் உங்களோடு ஏற்றம் ஏறுவேன். எனக்கும் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. பாலத்துக் கட்டையில் உட்காருவது நானாகத்தான் இருக்கும்.

நோட்டை எடுத்து வருகிறேன். எனக்கு மூன்று முழுப் பேர் போடத் துடிப்பீர்கள் என்று தெரியும். வருவதற்கு முன்பே போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு நாளும் முடியட்டும்.

மேகலா